கெட்டம்பேயில் மூன்று முழுக்கு

1

பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசி நான்கு நாட்களாகக் காந்தத்தில் தொங்குகிறது. மகள் அபியின் பாலர் பள்ளியிலிருந்து வந்தது. வருகிற வியாழக்கிழமை பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போகிறார்களாம். தொப்பி, மாற்று உடுப்பு, றப்பர் பூட்ஸ் கொண்டுவர வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள். ‘என் பிள்ளை தண்ணீரில் இறங்கலாம்.’ ‘என் பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது.’ ஒன்றில் புள்ளடி போட்டுக் கையொப்பமிட வேண்டும்.

ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். வதிவிட அனுமதி, காப்புறுதி, வீட்டு வாடகை, அபி குறைமாதத்தில் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கம் பக்கமாக. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்தேன். அரைப் பக்கம்கூட இல்லாத இந்தக் கடதாசியில் பேனை வைக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது பழைய நிலக்கரிப் பிரதேசம். எம்ஷர் என்று ஒரு ஆறு இந்த ஊர்களுக்குள்ளால் ஓடுகிறது. பல தலைமுறையாக அது ஆறாகவே இருக்கவில்லை. சுரங்கத் தண்ணீரும் வீட்டுக் கழிவும் போவதற்காகக் கொங்கிரீட் கட்டி, இரண்டு பக்கமும் வேலி அடித்து, கிட்டே போனால் உயிருக்கு ஆபத்து என்று பலகை வைத்திருந்தார்களாம். கீழ் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சின்னவராக இருந்தபோது அந்தப் பக்கம் போனதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார். பிறகு கழிவுக்கென்று பூமிக்கடியில் தனிக் குழாய் போட்டு, ஆற்றை மறுபடி ஆறாக விட்டார்கள். அதற்கு அவருடைய அரை ஆயுள் போயிற்று. இப்போது மீன் இருக்கிறது. அதில் வந்து சேரும் ஓர் ஓடைக்குத்தான் வியாழக்கிழமை பிள்ளைகள் போகிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்த ஆறு பிழைக்கும் என்று தெரியாமல் இருந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. கண்டியில் எங்கள் ஆற்றுக்கு அதுதான் விதி என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அப்படி நினைக்கவும் வழியில்லை.

2

கண்டியைப் படத்தில் பார்த்தவர்கள் வாவியைத்தான் பார்த்திருப்பார்கள். கடைசி அரசன் வயல்களை மூழ்கடித்துக் கட்டியது அது. வாவி வருவதற்கு முன்னால் அந்த வயல்களின் நடுவில் ஓடிய தண்ணீருக்குப் போக ஒரு வழி வேண்டும் அல்லவா? அதுதான் மெத எல. சிங்களத்தில் நடு வாய்க்கால். எங்கள் வீடுகளில் வெறும் ‘எல’. வாவி நிரம்பி வழிவது அதில்தான் இறங்கும். கடைகளின் முதுகுப் பக்கமாக, பாலங்களுக்கு அடியில், ரயில் பாதையை ஒட்டி நகரம் முழுக்க நடந்து, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றுக்குள் விழும். வாவிக்குத் தபால் அட்டை உண்டு. எலவுக்கு இல்லை. பாலத்தில் நடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பார்ப்பார்கள்.

என் அப்பா அதற்குள் இறங்கி வேலை செய்தவர். முப்பது வருடம்.

இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு வரிசையில் பாதி வீட்டு ஆண்கள் அதே வேலையில்தான் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றுமில்லை. மறைப்பு எல்லாம் வெளியில்தான். பள்ளிக்கூடப் படிவத்தில் ‘மாநகர சபை ஊழியர்’ என்று எழுதுவோம். அது பொய்யில்லை.

அப்பாவுக்கு நாட்காட்டி தேவையில்லை. எலவைப் பார்த்தே நகரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். வெசாக் முடிந்தால் விளக்குக் கூடுகளின் மூங்கில் சட்டமும் சாயம் போன தாளும் வரும். பெரஹரா ஊர்வல நாட்களில் யானைச் சாணமும் தீப்பந்தத்தில் எரிந்த கொப்பரைக் கரியும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழப் பெட்டிகள். தீபாவளிக்கு மறுநாள் வாழையிலையும் பட்டாசுத் தாளும். “சாமி எல்லாம் வேற வேற புள்ள, குப்ப ஒண்ணுதான்” என்பார். அம்மா இருந்த காலத்தில் சோறு பரிமாறிக்கொண்டே, இதையெல்லாம் சாப்பிடும்போதா பேசுவது என்று அவரைக் கடிந்துகொள்வார்.

பண்டிகை இல்லாத நாட்களில் வருவதைத்தான் அவர் சொல்ல மாட்டார். இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களில் வருவது. ஒவ்வொரு கட்டடம் எழும்பும்போதும் இரண்டு குழாய் கூடியது என்று மட்டும் சொல்வார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேல்பக்கம் அடியில் மணல் தெரியுமாம். குனிந்து கையால் மீன் பிடித்திருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது மண்வெட்டியின் பிடி பாதி மறையும் அளவுக்குச் சேறு. சில வருடங்களுக்கு ஒருமுறை எலவைப் புதுப்பிக்கப் போவதாகப் பலகை நடுவார்கள். கரையில் செடி வைப்பார்கள். அடுத்த பெருமழையில் செடிகள் எலவுக்குள் வரும். அதையும் அப்பாதான் அள்ளுவார்.

வேலை முடிந்து வந்தால் எங்களைத் தொட மாட்டார். நேரே குழாயடிக்குப் போய் கார்பாலிக் சவர்க்காரம் போட்டு, கை, முழங்கை, கால்விரல் இடுக்கு என்று தேய்த்துக்கொண்டே இருப்பார். வரிசையில் நிற்கும் பெண்கள், மாப்பிள்ளைக்குக் கல்யாணமா இன்றைக்கு என்று கேலி செய்வார்கள். தண்ணீர் விழும் அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நானும் தம்பியும் ஓடிப்போய் மேலே விழுவோம்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் சிநேகிதிகளோடு பாலத்தைக் கடந்தேன். கீழே நான்கைந்து பேர் சேற்றில் நின்றார்கள். அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என் வெள்ளைச் சீருடையையும் பக்கத்தில் வந்தவர்களையும் பார்த்தார். பிறகு குனிந்து, அள்ளி முடித்த இடத்தையே மறுபடி அள்ளத் தொடங்கினார். நான் நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. வீட்டில் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த வருடம்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. கெண்டைக்கால் கடுத்துக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்து அம்மா எண்ணெய் தேய்த்தார். ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்பவர்களுக்கு வருவது. அது வராமல் தடுக்கச் சபையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள், நீள பூட்ஸும் இருந்தது. சேற்றில் பூட்ஸ் புதைந்து கால் வராது என்று அப்பா கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். பிழைத்து வந்தார். மறுமாதம் மறுபடி இறங்கினார்.

3

கெட்டம்பே எல்லோருக்கும் புனிதமான இடம். பெரஹரா முடிந்து சிங்களக் கோயில் பூசாரிகள் அங்கேதான் வாளால் ஆற்று நீரை வெட்டி, அந்த இடத்துத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப் போய் ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கரகம் கட்டுவதும் அந்தக் கரைப் பக்கம்தான். ஓடுகிற ஆற்றில் எடுத்த தண்ணீரில்தான் அம்மன் வருவாள். எல வந்து விழுவதும் அதே கரையில், சற்று மேலே.

அபி ஏழு வாரம் முந்திப் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளின் கையை ஒரு துளை வழியாகத்தான் தொட முடிந்தது. எனக்கு மொழி தெரியாது. தாதி சொன்னதில் பாதி விளங்கவில்லை. அப்போது வேண்டிக்கொண்டேன். பிள்ளையைத் தா, ஐந்து வயதில் கொண்டுவந்து கரகம் கட்டும் இடத்தில் மூன்று முழுக்குப் போட்டு, வேப்பிலை கையில் கொடுத்து உன் பின்னால் நடக்க வைக்கிறேன் என்று.

போன வருடம் சித்திரையில் அவளை அழைத்துப் போனேன். கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், இளவயதில் ஜெர்மனிக்கு வந்தவர், எதையும் யோசித்துச் செய்கிறவர். விமான நிலையத்தில், “ஆத்திலை இறக்காதேயும். பைப்புத் தண்ணி தலையிலை ஊத்தினாக் காணும்” என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் நாள் பின்னேரம் இடியோடு மழை பெய்திருந்தது. காலையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அபி சேறு காலில் ஒட்டுகிறது என்று ஜெர்மனில் சிணுங்கினாள். தம்பி, “பனியில வெளையாடுற மகாராணிக்கு இதெல்லாம் சுடுதண்ணிதான்” என்று அவளைத் தூக்கினான்.

அப்பா கரையிலேயே நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. ஆற்றைப் பார்க்கவில்லை. மேலே, எல விழும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலையில மூணு தடவ தெளிச்சிட்டுக் கூட்டிட்டு வா புள்ள. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.”

“வேண்டுனது முழுக்குப்பா.”

“மழ பேஞ்சிருக்கு. எல மொத்தமா எறங்கி வந்திருக்கு.”

அவர் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்கிறவர் அல்ல. நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேர் முழுகுகிறார்கள். வெளிநாட்டுக்குப் போனதும் ஊர்த் தண்ணீர் கசக்கிறதா என்று கேட்பார்களோ என்று நினைத்தேன். வேண்டுதலைப் பாதியில் முடித்தால் பாதிப் பிள்ளையைத்தான் தருவாளோ என்றும் நினைத்தேன். படித்தவள்தான். அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று முழுக்கு. மூன்றாவதில் அபிக்கு வாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். அப்பா தன் தோள் துண்டால் அவள் முகத்தை, காதை, விரல் இடுக்கை எல்லாம் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அபி, தாத்தா கிச்சுக்கிச்சு மூட்டுகிறார் என்று சிரித்தாள்.

கணவருக்குத் தொலைபேசியில், கால் மட்டும் நனைத்தோம் என்று சொன்னேன்.

4

திரும்பி வந்த ஐந்தாம் நாள் அபிக்குக் காய்ச்சல். இலங்கையிலிருந்து வந்தவள் என்றதும் ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். டெங்குவுக்கு, மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். நுளம்பு கடித்ததா, நாய் நக்கியதா, என்ன சாப்பிட்டாள், ஆறு, குளம், வயல் தண்ணீரில் இறங்கினாளா.

கணவர் பக்கத்தில் நின்றார். நான், இல்லை, ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் மட்டும் குளித்தாள் என்றேன். தம்பியின் கூட்டாளி அங்கே வேலை செய்கிறான் என்று கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். என் ஜெர்மனில் வழக்கமாக வரும் பிழைகள் ஒன்றுகூட அந்த வாக்கியத்தில் வரவில்லை.

அன்று பின்னேரம் அபி, “அம்மா, கால் நோகுது” என்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. எங்கே என்று கேட்டேன். கெண்டைக்காலைக் காட்டினாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புகளுக்கே அர்த்தமில்லை. அந்த வார்டில் இருந்த எந்த மருத்துவரையும்விட எனக்கு அந்த வலியைத் தெரியும். ஆனால் சொன்னால், ஆற்றில் இறக்கியதைச் சொல்ல வேண்டும். இந்த நோயை எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கல்யாணம் பேசியபோது தரகர் மாப்பிள்ளை வீட்டில் சொன்னது, ‘பெண்ணின் தகப்பன் முனிசிப்பல் சுகாதாரப் பகுதியில்’ என்று. அவர்கள் மேசையும் கதிரையும் உள்ள ஓர் அறையை நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

பிள்ளையின் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்பாவுக்குத் தடவியது போலவே. அன்றும் மறுநாளும். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. வேறு ஏதாவது வைரஸாக இருக்கலாம், பார்ப்போம் என்றார்கள். கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவர்களுடைய கடதாசியில் இருந்தது. அதை நம்பித்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அபியின் கண் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. சிறுநீர் குறைந்துவிட்டது என்று தாதி எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே ஓடி, நடைபாதையில் வைத்தே மருத்துவரிடம் சொன்னேன். ஆற்றில் முழுக்கினேன். நகரத்துக் கழிவு வாய்க்கால் விழும் இடம். என் அப்பா அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்தவர், அவருக்கும் வந்தது, எனக்கு இந்த நோயைத் தெரியும். பிழையான ஜெர்மன், வினைச்சொல் எல்லாம் எங்கெங்கோ. மருத்துவருக்கு முழுக்க விளங்கியது. பின்னால் கையில் கோப்பியோடு நின்ற கணவருக்கும் விளங்கியது.

ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்றினார்கள். அபி பிழைத்தாள். சிறுநீரகம் மட்டும் பழையபடி முழுதாக வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வளர வளரச் சரியாகலாம் என்கிறார்கள். சரியாகாமலும் போகலாம் என்பதை மெதுவாகச் சொல்கிறார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது என்றார். நல்லவர். என்னை நேரே பார்க்காமல் சொன்னார்.

5

கணவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அபி நித்திரையான பிறகு ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நின்றுகொண்டு சொன்னார்:

“உம்மடை அப்பா என்ன வேலை செய்தா எனக்கென்ன? நான் இஞ்சை வந்து ரெண்டு வருசம் கக்கூஸ் கழுவினனான். பிள்ளைக்கு ரெண்டு நாள் போச்சு. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.”

நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ, அதைத் திருட யாருமே இருக்கவில்லை. இதை நினைக்காமல் ஒருநாள் போவதில்லை. மாமியார் இப்போதும் அன்பாகத்தான் பேசுகிறார். அப்பாவைச் சுகம் விசாரிப்பதை மட்டும் விட்டுவிட்டார். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ.

இந்த நோயை மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டுமாம். சுகாதார அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. தொற்றிய நாடு, தொற்றிய இடம், நீர்நிலையின் வகை, நீர்நிலையின் பெயர். எழுதி அனுப்பினேன். எழுத்து விளங்கவில்லை என்று ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். மகாவலி. நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்தில் நீலக் கோடாக வரைந்த பெயர். இந்த ஊரில் அது எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

அபி நினைவு வைத்திருக்கிறாள். போன கிழமை தகப்பனின் யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னாள்: “அம்மா, உங்கடை ஆறு வருத்தக்கார ஆறு. எங்கடை ஆறு நல்ல ஆறு.” வருத்தம் என்று அவள் சொன்னது நோயைத்தான். தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த ‘உங்கடை’க்குள் நான் இருக்கிறேன், அப்பா இருக்கிறார், மஹய்யாவை இருக்கிறது. அவள் இல்லை. திருத்துவதற்கு வாய் எடுத்தேன். எதைத் திருத்துவது?

அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்ல வேண்டாம் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது அப்பா முதல் மாதங்களில் ஒவ்வொரு முறையும் கேட்டார், அந்தத் தண்ணீர் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வேன். ஒருநாள் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “முப்பது வருஷம் அள்ளுனதுக்கு அதாச்சும் மிச்சம் புள்ள.”

அதன் பிறகு எப்படிச் சொல்வது?

6

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன். கணவர் பார்த்தார். அந்த ஓடையின் தண்ணீரை மாதாமாதம் சோதிக்கிறார்கள் என்றார். தெரியும் என்றேன்.

வியாழக்கிழமை அபி காய்ந்த பூட்ஸோடு திரும்பி வந்தாள். மற்றப் பிள்ளைகள் தண்ணீருக்குள் நின்று கல் புரட்டிப் பூச்சி பிடித்தபோது இவள் கரையில் ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததை வாளியில் போட்டாளாம். அழவில்லை என்று ஆசிரியை சொன்னார். அழுதிருந்தால் நல்லது என்று நினைத்தேன். காய்ந்த பூட்ஸைக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவுகிறேன் என்று பாதியில்தான் யோசித்தேன்.

ஞாயிறு பின்னேரம் தம்பியின் போனில் அப்பா வந்தார். அபி நான் தடுக்கும் முன்பே போனைப் பறித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் தாத்தாவோடு பேச வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள், அன்று பார்த்து.

“தாத்தா, எல்லாரும் ஆத்திலை இறங்கினவை. நான் மட்டும் இறங்கேல்லை. அம்மா விடேல்லை.”

நான் போனை வாங்கினேன். அப்பா சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஏன் விடவில்லை என்று.

“குளிரா இருந்துச்சுப்பா.”

“ஜூன் மாசத்துலயா?”

 திரையில் அப்பாவின் முகம் அசையாமல் இருந்தது. இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் கண் இமைத்தது.

“அவளுக்குக் கெண்டக்கால் கடுத்துச்சா புள்ள?”

அன்று பாலத்துக்குக் கீழே அவர் குனிந்துகொண்டது போல நானும் எதையாவது பார்த்திருக்கலாம். “ஆமாப்பா” என்றேன்.

அவர் எப்போது என்று கேட்கவில்லை, இப்போது எப்படி என்றும் கேட்கவில்லை. போனைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொன்னாய், ஏன் இப்படிப் போகிறார் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. அப்பா ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது.

தம்பி திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், “சவுக்காரம் போட்டு கையத் தேச்சிக்கிட்டிருக்காரு.”

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அபி வந்து, இன்னும் யார் பேசுகிறார்கள் என்று கேட்டாள். தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.